ரேகை: இரும்பின்மேல் வரைந்த மரத்தைப் பற்றி

1

என்னைக் கூப்பிட்டது படித்துச் சொல்வதற்காகத்தான். கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில், ஜி.என்.டி. ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. லாரி கேபின்களுக்கு டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடிக்கிற இடம். அங்கே 1947ஆம் வருஷத்து செவர்லே ஃப்ளீட்மாஸ்டர் ஒன்று, சக்கரங்கள் கழற்றப்பட்டு, கட்டைகள்மேல் நின்றுகொண்டிருந்தது. சென்னையிலிருக்கும் உரிமையாளர் ஆங்கிலத்தில் ஒரு கற்றைத் தாள் கொடுத்தனுப்பியிருந்தார். டேஷ்போர்டிலும் ஜன்னல் சட்டங்களிலும் மரரேகையைப் பழையபடி கொண்டுவருவது எப்படி என்ற செய்முறை. அதைப் பட்டறைக்காரருக்கும் பெயிண்டருக்கும் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சிறுபத்திரிகை நடத்திக் கடனாளியானவனுக்கு இப்படிப்பட்ட வேலைகள் அவ்வப்போது வருவதுண்டு. மூணு நாள் என்று போனவன் இரண்டு மாதம் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் நாளே ஒரு விஷயத்தில் ஏமாந்தேன். உரிந்தும் வெடித்தும் கிடந்த அந்த டேஷ்போர்டை நான் மரம் என்றே நினைத்துக்கொண்டு, எந்த ஊர் ஆசாரியிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்துவிட்டு, ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். டக் என்று ஒட்டிக்கொண்டது.

“இன்னா சார், இரும்புல மரம் மொளைச்சா ஆசாரி இன்னா பண்ணுவான்?”

இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே திருமூலரின் மரயானையைப் பிடித்து இழுத்துவருவார்கள். வேண்டாம். இது தத்துவத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலைச் சமாச்சாரம். ஏன் இரும்புக்கு மரவேஷம் போட வேண்டியிருந்தது, எப்போது, யாருடைய வேலையை எடுத்துவிட்டு என்பதைக் கேட்காமல் யானைக்குப் போவதில் பிரயோசனமில்லை.

டேஷ்போர்டு என்ற சொல்லே குதிரைவண்டிக் காலத்தது. குதிரைக் குளம்பு வாரியடிக்கிற சேறும் கல்லும் வண்டியோட்டி மேல் தெறிக்காமல் முன்னால் நிறுத்திய பலகைக்கு, அல்லது தோல் தட்டிக்கு, அந்தப் பெயர். குதிரை போனபிறகும் பலகை தங்கிவிட்டது. அதன்மேல் கடிகாரங்களும் முள்களும் வந்து உட்கார்ந்துகொண்டன. சேற்றைத் தடுத்த பலகை செல்வத்தைக் காட்டும் பலகையானது. இதைப் பட்டறையில் சொன்னபோது பெயிண்டர் கேட்டார்: “அப்ப இது வண்டிக்காரன்ர மறைப்பு. முதலாளியின்ர இல்லை. அப்பிடித்தானே தம்பி?” நான் அதுவரை அப்படி யோசித்ததில்லை.

2

வண்டிக்குள் மரம் இருந்த காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் அது வெளியே தெரியவில்லை. இதுதான் இந்த வரலாற்றில் எனக்கு முதலில் உறைத்தது.

கார் என்ற பண்டம் வந்த முதல் முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் அதன் உடம்பு மரம்தான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஷ் போன்ற வளைந்துகொடுக்கும் மரத்தில் எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் தகட்டை அறைந்தார்கள். கட்டியவர்கள் கோச்சுவண்டித் தச்சர்களும் அவர்களின் பிள்ளைகளும். செவர்லேவுக்கு உடம்பு செய்து கொடுத்த ஃபிஷர் பாடி நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்கள் ஓஹையோவில் குதிரைவண்டி கட்டிய குடும்பத்துப் பிள்ளைகள். 1908இல் டெட்ராய்ட்டில் கம்பெனி தொடங்கினார்கள். 1926இல் அது முழுக்க ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. அதன் முத்திரை கடைசிவரைக்கும் ஒரு ராஜாவீட்டுக் கோச்சுவண்டிதான். எங்கள் ஃப்ளீட்மாஸ்டரின் கதவடிப் பட்டையில் எழுபது வருஷத்து அழுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தபோது அந்தக் கோச்சு வண்டி மெல்ல வெளியே வந்தது. அன்றைக்கு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாட்ஜ் முதலான சிலர் 1910களிலேயே முழு இரும்பு உடம்புக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். ஃபிஷர் மரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 1935 மாடல்களில் கூரை ஒரே இரும்புத் தகடானது. 1937இல் செவர்லேவின் உடம்பு முழுக்க இரும்பு. தச்சன் ஒரு சட்டத்தை இழைத்து இன்னொன்றில் கூட்டுகிற வேலையை இனிமேல் ஒரு பிரஸ் மெஷின் ஒரே அடியில் செய்யும். மரரேகையை இரும்பில் அச்சடிக்கிற வித்தை அதற்குமுன்பே உண்டு என்றாலும், விலை குறைந்த வண்டிகள்வரை அது இறங்கிப் பரவியது இந்த முப்பதுகளில்தான். வண்டியின் எலும்பிலிருந்து மரம் வெளியேற்றப்படுகிற அதே வருஷங்களில் அதன் தோலில் மரத்தின் படம் ஒட்டப்படுகிறது. தச்சர்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு அவர்களின் பொருளைச் சுவரில் படமாக மாட்டிக்கொள்வது மாதிரி.

இப்படிச் சொல்லி நிறுத்திவிட்டால் பழைய கைவினைக்காகக் கண்ணீர் விடுகிற கதையாகிவிடும். அப்படி ஆகவிடாமல் தடுக்கிற ஒன்று அதே ஊரில் அதே வருஷம் நடந்தது. 1936 டிசம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரில் ஃபிஷர் பாடியின் இரண்டு ஆலைகளில் தொழிலாளர்கள் மெஷின்களை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். 44 நாள். இடையில் செவர்லேவின் நாலாம் எண் எஞ்சின் ஆலையையும் பிடித்தார்கள். 1937 பிப்ரவரி 11இல் ஜெனரல் மோட்டார்ஸ் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தை அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்டது. அந்தப் போராட்டத்தின் கழுத்துப்பிடி எது தெரியுமா? டை. இரும்பு உடம்பை அச்சடிக்கிற பெரிய அச்சுகள். ஒரு மாடலுக்கான டை ஒன்றிரண்டு ஆலைகளில்தான் இருக்கும். நிர்வாகம் டைகளை ஃப்ளின்ட்டிலிருந்து வெளியே கடத்தப் பார்க்கிறது என்ற செய்தி பரவியதும்தான் முதலாம் ஆலையில் உள்ளிருப்பு தொடங்கியது. மரச்சட்டம் கூட்டுகிற வேலையை நூறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம். டை இருக்கிற ஆலையைத் தொழிலாளி பிடித்தால் கம்பெனி மொத்தமும் நின்றுபோகும். தச்சனின் கைத்திறனைப் பிடுங்கிய அதே இரும்பு, கைத்திறன் இல்லாதவன் என்று சொல்லப்பட்ட தொழிலாளிக்கு முதலாளியின் குரல்வளையைக் காட்டிக்கொடுத்தது.

நம்முடைய இடதுசாரி நண்பர்கள் ஃப்ளின்ட் பற்றி எழுதியிருக்கிறார்கள். பழைய கார்ப் பிரியர்கள் மரரேகை டேஷ்போர்டு பற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே ஆலைகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

3

சென்னைப் பக்கத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1840இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி கோச்சுவண்டி கட்டிய கம்பெனி. 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். எம்.சி. 1 என்ற எண் துறைமுகத்து ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு, எம்.சி. 3 கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருக்கு. இதெல்லாம் நகர வரலாற்றுப் புத்தகங்களில் அழகாகப் பதிவாகியிருக்கிறது. அந்த வண்டிகளுக்குச் சட்டம் இழைத்துக் கூட்டிய ஓர் ஆசாரியின் பெயரைக்கூட நான் படித்த புத்தகங்களில் காணவில்லை. நம்பர் பிளேட்டுக்கு வரலாறு உண்டு, இழைப்புளிக்கு இல்லை.

செவர்லேக்கள் பம்பாயிலிருந்து வந்தன. 1928இல் சேவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் பூட்டுகிற ஆலை போட்டது. பாகங்கள் பெட்டியில் வரும், இங்கே முடுக்கினால் கார். 1953இல் சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரையை ஒட்டி, இங்கேயே தயாரிக்கிற திட்டம் இல்லாதவர்கள் கிளம்பலாம் என்று அரசு சொன்னது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டினார்கள். அதற்குள் எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. பிற்பாடு அசோக் லேலண்ட். தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. அதன் ஆங்கிலேயத் தாயான ட்ரையம்ஃப் ஹெரால்டின் 1200 மாடலுக்கு நிஜ மரத்தோல் ஒட்டிய டேஷ்போர்டு. ஸ்டாண்டர்டு 1988 வாக்கில் நின்றுபோனது.

திருவள்ளூருக்குக் கார் வந்தது 1998இல். இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதிகத்தூரில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. இப்போது அதே ஆலையிலிருந்து சிட்ரோயன் வருகிறது. தாராளமயம் வந்த புதிதில் நடுத்தர வர்க்கம் லான்சரைப் பார்த்து ஏங்கியதற்கு எஞ்சின் ஒரு காரணம் என்றால், அதன் சில வகைகளில் உள்ளே பளபளத்த மர நிறம் இன்னொரு காரணம். அது மரமுமில்லை, இரும்புமில்லை, பிளாஸ்டிக்.

இதை நான் அதிகாரத்தோடு சொல்லலாம். 2003இல் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பாகத் தொழிற்சாலையில் காண்டிராக்ட் தொழிலாளியாக இருந்தேன். பெயர் வேண்டாம். பாகங்கள் எந்தக் கம்பெனிக்குப் போயின என்பதும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. வேலை என்னவென்றால், ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். அதன்மேல் மரரேகை அச்சிட்ட மெல்லிய படலத்தைப் பரப்புவோம். மருந்து அடித்ததும் படலம் கரைந்து மைமட்டும் தண்ணீர்மேல் மிதக்கும். பிளாஸ்டிக் பாகத்தைச் சாய்வாக, நடுங்காமல் அதற்குள் இறக்க வேண்டும். தண்ணீரின் அழுத்தத்தில் மரம் எல்லா வளைவிலும் போய்ப் படிந்துகொள்ளும். கழுவி, காயவைத்து, லாக்கர். கை லேசாக நடுங்கினால் ரேகை சுருங்கி ரிஜெக்ட். ரிஜெக்டுக்குக் கூலியில் பிடித்தம். தண்ணீர்மேல் மிதந்துவருகிற அந்தக் காட்டை எட்டுமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றால் வீட்டுக்குப் போய் நிஜமான கதவைப் பார்க்கும்போதும் அது மிதக்கிற மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் 1981இல் வந்த சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவன் நிரந்தரம். பதினேழாவது மாதத்தில் என்னையும் இன்னும் ஆறு பேரையும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். நாள் கணக்கை எங்களைவிட அவர்கள் ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

ஆக, இரும்புக்கு மரத்தோல் போர்த்துகிற பட்டறையில் நான் போய் நின்றபோது எனக்கு அது புது உலகம் இல்லை. ஆனால் என் கை செய்தது பாகத்தை முக்குவது. இங்கே வேறு நடந்தது.

4

உரிமையாளர் அனுப்பிய தாள்களில் 1940களின் செய்முறை விவரமாக இருந்தது. நல்ல ரேகையுள்ள ஒரு வால்நட் பலகையை முதலில் ஃபோட்டோ எடுப்பார்கள். அந்தப் படத்தைத் தாமிரத் தகட்டில் அமிலத்தால் அரித்து நுண்பள்ளங்களாக்குவார்கள். பள்ளங்களில் மையை நிரப்பி, மிஞ்சியதை நீளக் கத்தியால் வழித்துவிட்டு, மெத்தென்ற உருளையை மேலே ஓட்டினால் மரம் உருளைக்கு ஏறும். மஞ்சட்பழுப்பு அடித்துக் காய்ந்த இரும்பின்மேல் அதே உருளையை ஓட்டினால் மரம் இறங்கும். மேலே தெளிந்த லாக்கர். இந்தத் தகடும் உருளையும் இன்றைக்கும் அமெரிக்காவில் விலைக்குக் கிடைக்கின்றன. டாலர் கணக்குப் பார்த்து உரிமையாளர் அதை விட்டுவிட்டார். கையால் போடுங்கள், ஆனால் ஃபோட்டோவில் இருக்கிறபடியே வரவேண்டும் என்பது உத்தரவு. கெடாமலிருக்கும் ஒரு ஃப்ளீட்மாஸ்டரின் உட்புறப் படங்கள் கூடவே வந்திருந்தன.

பெயிண்டர் அந்தப் படங்களை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இதில ஒரு விசயம் பாத்தியளோ? மரம் எண்டால் ஒரே ரேகை ரெண்டு தரம் ஓடாது. இஞ்ச பாருங்கோ, இந்த ஜன்னல் சட்டத்தில உள்ள கணு அந்தச் சட்டத்திலயும் அப்பிடியே கிடக்கு. இது மரமில்லை. மரத்தின்ர ஃபோட்டோ.”

பெஞ்சமின் 1936இல் எழுதியதை நாங்கள் தொண்ணூறுகளில் கூட்டங்கூட்டமாக விவாதித்திருக்கிறோம். இயந்திர மறுபிரதிக் காலத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் கரைந்துபோவது பற்றி. அதே முப்பதுகளில் ஒரு வால்நட் பலகை ஆயிரக்கணக்கான டேஷ்போர்டுகளாகப் பெருகிக்கொண்டிருந்தது. அந்தப் பலகை எங்கே போயிருக்கும்? அநேகமாக அடுப்புக்கு. நம் தேநீர்க் கடை மேசைகளின் சன்மைக்காவும் இதே வம்சம்தான். ஃபார்மிக்கா கம்பெனி 1927லேயே மரரேகையைத் தாளில் அச்சடித்துப் பிசினில் அமுக்குகிற வித்தைக்கு வந்துவிட்டது.

காந்தி வழியாக நமக்குத் தெரிந்த ரஸ்கின், 1849இல் எழுதிய கட்டடக்கலையின் ஏழு விளக்குகள் என்ற நூலில், கட்டடக்கலையின் பொய்களை மூன்றாகப் பிரித்தார். இல்லாத தாங்குதலைக் காட்டுவது ஒன்று. ஒரு பொருளுக்கு இன்னொரு பொருளின் வேஷத்தை வண்ணத்தால் போடுவது இரண்டாவது. வார்ப்பிலும் இயந்திரத்திலும் செய்த அலங்காரம் மூன்றாவது. செவர்லேவின் டேஷ்போர்டு இரண்டாவது, மூன்றாவது இரண்டிலும் மாட்டுகிறது. ஆனால் ரஸ்கின் திட்டிய அந்த வேஷத்துக்கு அவர் காலத்தில் கைகள் இருந்தன. தாமஸ் கெர்ஷா என்ற வீட்டுப் பெயிண்டர், மரத்தையும் சலவைக்கல்லையும் வண்ணத்தில் வரைந்து 1851 லண்டன் கண்காட்சியிலும் 1855 பாரீஸ் கண்காட்சியிலும் பதக்கம் வாங்கினார். அவருடைய பலகைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. போலி செய்வதில் மேதை என்பவனும் தொழிலாளிதான். அவனைப் பொய்யன் என்று திட்டுவது ரஸ்கினுக்கு எளிது. அவனுக்கு வேலை கொடுத்தவன் ரஸ்கினின் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை.

பட்டறைக் கதையைக் கேட்ட ஒரு நண்பர் போத்ரியாவைக் கொண்டுவந்தார். அசலே இல்லாத நகல், நகலின் நகல், அப்புறம் அசலைவிட அசலானது. சரிதான், மறுக்கவில்லை. ஆனால் டர்பன்டைன் வாசனை இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துதான் அப்படிப் பேச முடியும் என்று எனக்குப் பட்டது. நகலை நகலெடுக்கிற இடத்தில் ஒருவன் முதுகை வளைத்துக்கொண்டு குந்தியிருக்கிறான். அவனுக்கு நாள் கூலி ஆயிரத்து இருநூறு. அந்தக் கோட்பாட்டில் அவனுக்கு நாற்காலி போடவில்லை.

அவர் செய்ததைச் சொல்லவேண்டும். பழைய பூச்சை ரிமூவர் போட்டுச் சுரண்டி, துருவை உப்புத்தாளில் தேய்த்து, ரெட் ஆக்சைடு, பட்டி, மறுபடி வாட்டர் பேப்பர். இதுவரைக்கும் எந்தப் பட்டறையிலும் நடப்பதுதான். அப்புறம் மஞ்சட்பழுப்பு அடிப்பூச்சு. அது முழுக்கக் காய நாலு நாள் விட்டார். ரேகைக்கான மை கடையில் வாங்கியதில்லை. பர்ன்ட் அம்பர் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, டர்பன்டைன் விட்டு, விரலால் தொட்டுத் தொட்டுப் பதம் பார்த்தார். அதை மெல்லிசாக இழுத்துவிட்டு, ஈரம் போகுமுன் சீப்பு. சீப்பு என்பது பழைய ரப்பர் செருப்பைப் பிளேடால் பற்பற்களாக வெட்டியது. அகலமான பல் ஒன்று, நெருக்கமான பல் ஒன்று. ஒரே இழுப்பில் கைமணிக்கட்டை லேசாக உதறினால் ரேகை வளைந்து போகும். கணுவுக்குப் பெருவிரலில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றி அமுக்கி ஒரு திருகு. கடைசியில் நீளமயிர்ப் பிரஷ்ஷால் படபடவென்று தட்டினால் மரத்தின் துவாரங்கள் மாதிரி பொடிப்பொடியாக வரும். பிடிக்கவில்லை என்றால் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரே துடைப்பு, மறுபடி முதலிலிருந்து. கிளவ்பாக்ஸ் மூடியை அவர் ஒன்பது தரம் துடைத்ததை எண்ணியிருக்கிறேன்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், இரண்டு ஜன்னல் சட்டங்களில் ஒரே கணுவைக் கொண்டுவரவேண்டும். இயந்திரத்துக்கு அது சும்மா வரும். கைக்கு அது மகா கஷ்டம். அவரால் முடியாது என்றில்லை. மனசு ஒப்பவில்லை. “ஒரு மரத்தை ரெண்டு தரம் கீற எனக்குக் கை வருகுதில்லை” என்றார். டெட்ராய்ட்டின் சோம்பலை இங்கே ஒரு கை கஷ்டப்பட்டுப் படியெடுக்கவேண்டும். பழைய கார் உலகத்தில் அதற்குப் பெயர் அசல்தன்மை. கட்டடத்தைப் பழையபடி மீட்டமைப்பது என்பதே பொய் என்று சொன்னவரும் ரஸ்கின்தான். அதில் அவரோடு நான் உடன்படத் தயார், வேறு காரணத்துக்காக. மீட்டமைப்பு எந்த நாளை அசல் என்று தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள். கார் ஆலையை விட்டு வெளியே வந்த நாள். அதற்குப் பிறகு எழுபது வருஷம் யார் யாரோ ஓட்டியது, துடைத்தது, டிங்கர் பார்த்தது எல்லாம் கறை. சுரண்டி எடுக்கவேண்டியது.

இன்னொன்று. வால்நட் மரத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அவர் பார்த்த மரங்கள் வன்னி மரங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் மரம் அரிகிற மில்லில் அப்பாவுக்கு வேலை. முதிரையின் ரேகை எப்படி அலையடிக்கும், பாலைமரம் எப்படிச் செவந்து இறுகிக் கிடக்கும் என்று சொல்வார். 1990இல் பதினாலு வயதில் படகேறி, மண்டபம் வந்து, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி முகாம். அன்றையிலிருந்து இங்கேதான். முகாம் ஆண்களில் ஏராளமானவர்கள் பெயிண்டிங் வேலைக்குத்தான் போனார்கள். ஏணியில் நிற்கிறவனிடம் யாரும் காகிதம் கேட்பதில்லை. சென்னை அடுக்குமாடிகளின் இரும்புக் கதவுகளுக்கு மர ஃபினிஷ் போட்டுப் போட்டு இந்தக் கை பழகியது. ஃபோட்டோவில் வால்நட் இருந்தது. இரும்பில் விழுந்ததில் முதிரை கொஞ்சம் கலந்திருந்தது. அதை அவரே சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

5

இனிமேல் காகிதக் கதை. இதற்கும் டேஷ்போர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், உரிமையாளர் என்னிடம் கொடுத்த இரண்டாவது கற்றைத் தாள் எது என்று தெரிந்தால் கேட்கமாட்டார்கள். பதிவு விண்ணப்பம்.

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 50 வயது தாண்டிய, சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகள் புராதன வாகனங்கள். அவற்றுக்குத் தனி எண் வரிசை, நடுவில் வி.ஏ. என்ற எழுத்து. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. தினசரி ஓட்டக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் போகலாம். அடுத்த மாதமே, ஆகஸ்டில், பழைய வாகனங்களை உடைக்கிற கொள்கையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். பதினைந்து இருபது வயதான வண்டி தகுதிச் சோதனையில் தேறாவிட்டால் இரும்புக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கிற உலைகளுக்குப் பக்கத்தில்தான் எங்கள் பட்டறை. எந்த நாளும் ஏதாவது ஒரு மினிலாரியின் முகம் நசுங்கி லோடில் போவதைப் பார்க்கலாம். இருபது வயதில் ஒரு வண்டி குப்பை. கொட்டகையும் காசும் உள்ளவனிடம் ஐம்பது வயதுவரை தாக்குப்பிடித்தால் அதே வண்டி பாரம்பரியம். ஒரு டாட்டா மினிலாரிக்கு அந்த முப்பது வருஷத்தை யார் கொடுப்பார்கள்?

விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது பெயிண்டர் பக்கத்தில் வந்து நின்றார். எந்த வருஷம் செய்தது, எப்போது இந்தியாவுக்குள் வந்தது, யார் யார் கைமாறியது என்று ஒவ்வொரு கேள்வியாக வாசிக்கச் சொன்னார். “நல்ல ஃபாரம்” என்றார். “இதில எல்லாத்துக்கும் மறுமொழி இருக்கு.”

2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டில் 108 முகாம்களில் 58,822 பேர். அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியதும் அப்போதுதான். புது வீடுகள் கட்டப்பட்டன, பணக்கொடை கூடியது. இதையெல்லாம் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. குடியுரிமை வேறு விஷயம். 1987 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். 2004 டிசம்பரிலிருந்து, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் அந்த வழியும் மூடல். 2019இன் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987க்கு முன்னால் பிறந்ததை வைத்து 2022இல் மதுரைக் கிளையில் தன் பாஸ்போர்ட் உரிமையை வென்றார். ஒரு வருஷம் முந்திப் பிறந்திருந்ததுதான் அவருடைய அதிர்ஷ்டம். 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட் விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள். இங்கே இருக்கலாம். இங்கேயுள்ளவர் ஆவது பற்றி அதில் ஒன்றுமில்லை. பெயிண்டரின் மகள் 2005இல் கும்மிடிப்பூண்டியில் பிறந்தாள். நர்சிங் படித்திருக்கிறாள்.

மனிதரையும் காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவது மலிவான உத்தி என்று எனக்குத் தெரியும். ஒரு கூட்டத்தில் வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் நானே எழுந்து சொல்லியிருப்பேன். நான் கேட்பது அசல் என்ற சொல்லைப் பற்றி. வெளிநாட்டில் செய்து, பெட்டியில் வந்து, இங்கே பூட்டப்பட்டு, யார் யார் கையிலோ உருண்டு, மரமே இல்லாத மரத்தைச் சுமந்துகொண்டிருக்கிற ஒரு பொருளை இந்த மண்ணின் பாரம்பரியம் என்று எழுதித் தருவதற்கு அரசுக்கு ஒரு சங்கடமும் இல்லை. எனக்கும் இல்லை, தரட்டும். கலப்பையும் கைமாறலையும் இரும்பின் விஷயத்தில் இவ்வளவு தாராளமாக ஒத்துக்கொள்கிற அதே மேசை, அதற்கு உயிர் கொடுத்த ஆளின் விஷயத்தில்மட்டும் தூய பிறப்பைக் கேட்கிறது. விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயருக்கு இடம் உண்டு. தயாரிப்பாளர் பெயருக்கு உண்டு. ரேகை போட்டவருக்கு ஒரு கட்டம் இல்லை. அவருடைய ரேகை அரசிடம் இருக்கிறது, பத்து விரலும், வேறு ஒரு பதிவேட்டில்.

ஜன்னல் சட்டங்களின் கணு விஷயம் கடைசியில் இப்படி முடிந்தது. முன்பக்கத்து இரண்டு சட்டங்களிலும் ஃபோட்டோவில் உள்ளபடி ஒரே கணுவைப் போட்டார். அதற்குப் பதினொரு நாள் ஆனது. பின்பக்கத்துச் சட்டங்களை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடும்படி நான் உரிமையாளரிடம் ஃபோனில் பேசிப் பார்த்தேன். பின் சீட்டில்தான் தன் அம்மா உட்காருவார், அங்கே கண்டிப்பாக அசலாக இருக்கவேண்டும் என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய தாத்தா காலத்தில் அவர்கள் வீட்டில் இதே மாடல் இருந்து, ஒரு நொடிப்பில் விற்றுப் போனதாம். அதைக் கேட்டபிறகு என்னால் வாதாட முடியவில்லை.

டேஷ்போர்டுக்கு மூணு கோட் லாக்கர் முடிந்து நாலாவது பாக்கி. வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது கம்ப்ரசர் ஓடவில்லை. முகாமில் அன்றைக்குத் தணிக்கை, ரெவின்யூ ஆட்கள் வந்து பேர் கூப்பிடுகிற நாள். குடும்பத்தோடு அங்கே நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பணக்கொடையில் சிக்கல். பட்டறைக்காரர் டேஷ்போர்டின்மேல் தூசி விழாமல் ஒரு பழைய சேலையைப் போர்த்தியிருந்தார்.

“இன்னிக்கு ஆவாது சார். அவரு திங்கக்கெழம வந்து அடிப்பாரு.”